பலகைக்குப் பஞ்சமில்லை

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வராத வருஷங்களிலும் பணம் தவறாமல் வருகிறது. சிவகங்கைச் சீமையில் ஒரு சின்ன ஊர். கரையில் நின்றால் நூறு நாள் வேலைப் பலகை, குடிமராமத்துப் பலகை, நீர்வடிப்பகுதித் திட்டப் பலகைகள் என்று வரிசையாகத் தெரியும். ஒன்றில் வேலையின் பெயர் அழிந்துவிட்டது. தொகை மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

நான் பையனாக இருந்தபோது இந்த நிர்வாகம் முழுவதையும் ஒரே ஆள் பார்த்தார். நீர்ப்பாய்ச்சி. அவருடைய அலுவலகம் ஒரு மண்வெட்டி. ஐப்பசியில் மேற்கே மின்னினால், ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் நெடுக நடந்து, அடைப்பை வெட்டிவிட்டு, விடியும்போது வந்து அப்பாவிடம் சொல்வார்: "ஐயா, தண்ணி திரும்பிருச்சு." எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்கு எத்தனை நாழிகை, கலுங்கை அடைப்பதா விடுவதா, எல்லாம் அவர் வாக்குதான். அவரோடு சண்டை போடாத சம்சாரி கிடையாது. அவர் சொல்லை மீறியவனும் கிடையாது. கோடையில் வண்டி கட்டிப் போய்க் கரம்பை அள்ளுவோம். வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். யாரிடமும் மனுக் கொடுத்ததில்லை.

உடனே பொற்காலம் என்று பெருமூச்சு விட வேண்டாம். ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவர் ஊருணியில் இறங்கிக் குடம் முக்க முடியாது. கூலியும் களத்தில் அளந்து போட்ட நெல்தான். ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடுவது என்று இன்று நாம் மெச்சிக்கொள்ளும் குடிமராமத்துக்கு ஆள் வரவழைக்க 1858-லேயே வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. எல்லாரும் மனமுவந்து மண்வெட்டி தூக்கியிருந்தால் சட்டம் எதற்கு?

பிறகு கிணற்றில் மோட்டார் இறங்கியது. 1990-ல் விவசாய மின்சாரம் எல்லாருக்கும் இலவசம். போர் உள்ளவனுக்குக் கண்மாய் எதற்கு? நீர்ப்பாய்ச்சியின் மகன் திருப்பூர் போய்விட்டான். ஒரு காலத்தில் விறகுக்கென்று அரசே பரப்பிய சீமைக்கருவேல் கண்மாயில் குடியேறியது. 2017-ல் அதை வெட்டச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்டது; வெட்டினார்கள், அது திரும்பத் துளிர்த்தது.

இப்படிக் கிடந்த ஊருக்கு நீர்வடிப்பகுதித் திட்டம் வந்தது. அதன் வேதம், முகட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு வா என்பது. மேட்டிலேயே மழையைத் தடுத்து மண்ணில் இறக்கு, ஓட்டத்தை மட்டுப்படுத்து, வண்டல் அடித்துக்கொண்டு போகாமல் பார். சரியான தத்துவம், குறை சொல்ல மாட்டேன். 2008-ன் பொது வழிகாட்டுதலில் ஹெக்டேருக்கு 12,000 ரூபாய் வரை. அதில் ஊரின் நம்பிக்கையைப் பெறும் தொடக்க வேலைக்கென்றே 4 சதவீதம். எங்கள் நம்பிக்கையை ஒரு நிழற்குடை கட்டிப் பெற்றார்கள். பேருந்துதான் அங்கே நிற்பதில்லை. தனியார் நிலத்தில் வேலை நடந்தால் பொதுவாகப் பயனாளி 10 சதவீதம் போட வேண்டியிருந்தது. அதை வேலைக்கு வந்தவர்களின் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். தாளில் அதற்குப் பெயர் மக்கள் பங்களிப்பு.

மேட்டில் தடுப்பணைகள் எழும்பின. பக்கத்தில் போர் வைத்திருந்த நாலு பேருக்கு நல்ல ஊற்று. அவர்கள் வாழை போட்டார்கள். கீழே கண்மாய்க்கு வருவது முன்னைவிடக் குறைந்தது. எல்லா அணையும் யார் வீட்டுச் சண்டையும் வராத ஓடைப் புறம்போக்கில்தான். சண்டை வரும் இடம் வேறே: எங்கள் வரத்துக்கால். அதன் குறுக்கே ஒரு மனைப்பிரிவு, ஒரு தென்னந்தோப்பு, ஒரு மதில்.

செல்போனில் இடக்குறியோடு படமெடுக்க வந்த இளம் பொறியாளரிடம் கேட்டேன்: "தம்பி, வரத்துக்காலைப் பார்க்கலாமா?"

"அது ரெவின்யூ சார்."

ரெவின்யூவில், சர்வேயர் வரணும் என்றார்கள். சர்வேயர், மனு எங்கே என்றார். 2007-ல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் வந்ததே என்றேன். அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்காம். எங்கள் கண்மாய் ஆயக்கட்டு 100 ஏக்கருக்குள். ஊராட்சி ஒன்றியத்துப் பிள்ளை. ஒன்றியத்தில் கேட்டதற்கு, இன்னொரு தடுப்பணைக்கு மதிப்பீடு தயார் என்று நல்ல சேதி சொன்னார்கள்.

வண்டியும் மாடும் போனதில் எனக்கு வருத்தமில்லை. அன்று தண்ணீருக்காகப் பகை தேடிக்கொள்ள ஊரில் ஆள் இருந்தது. இன்றைய திட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு உண்டு, அதற்கு மட்டும் இல்லை.

அடுத்த கிராமசபையில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம் வரத்துக்காலின் புல எண் என்ன, புலப்படத்தில் அகலம் எவ்வளவு, தரையில் எவ்வளவு? அ-பதிவேடும் புலப்படமும் கிராம நிர்வாக அலுவலரிடமே இருக்கும். நாடா மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.