எட்டாம் வள்ளல்

பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வையைக் கொடுத்தான். தேரை எத்தனை நாளுக்குள் முல்லை திருப்பித் தரலாம், போர்வையில் நூல் பிரிந்திருந்தால் மயில் யாரிடம் முறையிட வேண்டும் என்று அவர்கள் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. கொடை அன்று அவ்வளவு கவனக்குறைவான காரியமாக இருந்தது. கடையெழு வள்ளல்கள் ஏழு பேரும் செய்யத் தவறியதைச் செய்து முடிப்பதற்காகக் கடைகளிலேயே எழுந்தருளிய எட்டாம் வள்ளலே! ‘ரிட்டர்ன் பாலிசி’ என்னும் திருநாமம் பூண்ட பெருந்தகையே! தங்களைப் பாடாத பேனா எதற்கு?

தங்கள் இளமைக் காலத்தை நான் அறிவேன். அப்போது தாங்கள் ரசீதின் அடியில் ஒற்றை வரியாகக் குடியிருந்தீர்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ அதற்கு நேர் கீழே, ‘நன்றி, மீண்டும் வருக.’ அந்த இரண்டு வரிகளுக்குள் எத்தனை பெரிய அன்பு! கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டி வேண்டாம், நீ வந்தால் போதும், வரும்போது பர்ஸை மட்டும் எடுத்து வா என்று எந்த உறவினர் நம்மை இப்படி அழைத்திருக்கிறார்?

இன்று தாங்கள் வளர்ந்து, உள்ளங்கைத் திரையில் எத்தனை முறை தள்ளினாலும் முடியாத நெடும் சாசனமாகி நிற்கிறீர்கள். சாசனத்தின் முகப்பில் கொட்டை எழுத்தில் ‘ஈஸி ரிட்டர்ன்ஸ்’. அதைத் தொட்டால் ‘7 நாள் ரீப்ளேஸ்மென்ட்’. அதையும் தொட்டால் ‘பிராண்ட் சர்வீஸ் சென்டரின் முடிவுக்கு உட்பட்டது’. திருப்பித் தருவோம் என்பது மாற்றித் தருவோம் என்றாகி, மாற்றித் தருவோம் என்பது பார்த்துச் சொல்வோம் என்றாகும் இந்தச் சொல்லழகைச் சங்கப் புலவர்களும் கண்டதில்லை. மூன்றே தொடுதலில் ஒரு வாக்குறுதியை ஒரு விசாரணையாக்கிவிடும் வித்தை தங்களுடையது.

அந்த வித்தையின் அருளைப் பெறும் பாக்கியம் என் சித்தப்பாவுக்குக் கிடைத்தது. லால்குடியில் இருக்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும், வாரப் பத்திரிகை படிக்கலாம் என்று பென்ஷன் பணத்தில் ஒரு செல்போனை ஆன்லைனில் வாங்கினார். பார்சல் வந்த அன்று அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஓடிபி எண்ணைப் போனிலேயே சொல்ல, பெட்டி எதிர்வீட்டில் இரண்டு நாள் தங்கியது. மூன்றாம் நாள்தான் பிரித்தார். ஆனால் தங்கள் நாள்கணக்கு பெட்டி அவர் தெருவைத் தொட்ட நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது. வாங்கியவர் பொருளைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய உரிமை வயதாகத் தொடங்க வேண்டும் என்று கண்டறிந்த தங்கள் காலஞானத்துக்கு முன்னால் பஞ்சாங்கக்காரர்கள் கைகட்டி நிற்க வேண்டும்.

எட்டாம் நாள் காலை, திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. நெல்நாற்றின் இளம்பச்சை, நூல் பிடித்தது போல நேராக. சித்தப்பா செயலியைத் திறந்தார். நேற்று வரை ‘திருப்பி அனுப்பு’ என்ற பொத்தான் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். ஏழு நாளும் காவலிருந்துவிட்டு, பழுது வாசலுக்கு வந்த அன்று அதிகாலையில் நாகரிகமாக விலகிக்கொண்ட அந்தப் பொத்தானின் இங்கிதம்! வேண்டாத விருந்தாளி வரும் நேரம் பார்த்துக் கொல்லைப்புறமாக வெளியேறத் தெரிந்தவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் அவர்களுக்கு இத்தனை துல்லியம் வாய்த்ததில்லை.

மீதி இருந்தது வாரண்டி. லால்குடியிலிருந்து திருச்சிக்கு மூன்று முறை பஸ். இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். டோக்கன் எண் 43. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் போனை வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸை வைத்து, நெடுநேரம் தேடினார். வைர வியாபாரிகூட ஒரு கல்லை அத்தனை பக்தியோடு பார்த்திருக்க மாட்டார். கடைசியில் கீழ் ஓரத்தில், பாதி அரிசி அளவில், மயிரிழை போல ஒரு கீறலைக் கண்டெடுத்தார். “பிசிகல் டேமேஜ் சார். வாரண்டியில வராது.” ஜாப் ஷீட்டில் அதை எழுதியபோது அவர் முகத்தில் தெரிந்தது பெரிய நிம்மதி.

“தம்பி, கீறல் வெளியில இருக்கு. கோடு உள்ள இருக்கு” என்றார் சித்தப்பா.

“பாலிசி அதுதான் ஐயா.”

உள்ளே இருக்கும் நோய்க்கு வெளியே இருக்கும் தழும்பைப் பொறுப்பாக்கும் இந்த மருத்துவத்தைச் சித்தர்களும் எழுதி வைக்கவில்லை. திரை மாற்ற அவர்கள் சொன்ன தொகை போனின் விலையில் பாதிக்கு மேல். அந்த இளைஞர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி, தாம் எழுதாத சாசனத்துக்காகப் பிறர் கோபத்தை வாங்கிக்கொள்ளும்படி அவரை அமர்த்திவிட்டு, தாங்கள் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் வீற்றிருக்கிறீர்களே, அந்த ராஜதந்திரத்தைத்தான் போற்றுகிறேன்.

பெட்டியின் விஷயத்தில் தங்கள் கருணை தனி. பொருளைத் திருப்ப அசல் அட்டைப்பெட்டி வேண்டும். தெர்மாகோல் வேண்டும், பிளாஸ்டிக் உறை வேண்டும், உள்ளே இருந்த பேப்பரும் வேண்டும். ஆகவே தமிழ்நாட்டுப் பரண்களெல்லாம் இன்று தங்கள் சன்னிதிகள். பித்தளை அண்டாவும் கொலுப் பொம்மையும் இருந்த இடத்தில் மிக்ஸியின் பெட்டி, டிவியின் பெட்டி, ரவுட்டரின் பெட்டி என்று வெற்றுப் பெட்டிகள் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கின்றன. முத்திரை விஷயத்தில் தங்கள் தத்துவம் இன்னும் ஆழம். பிரிக்காத பெட்டிக்குள் பழுது இருப்பது தெரியாது. பிரித்த பெட்டி திரும்ப ஏற்கப்படாது. பிறக்காத பிள்ளைக்கு மட்டுமே மருத்துவம் என்ற இந்த ஞானநிலையை அடைய எத்தனை பிறவி எடுத்தீர்களோ!

போதாக்குறைக்கு, பெட்டியைப் பிரிக்கும்போது வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஷாட்டில் வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் கேமரா. முருகப்பெருமானுக்கு மட்டுமே கைவந்த காரியத்தை எழுபது வயதுக்காரரிடமும் எதிர்பார்க்கும் தங்கள் சமநோக்குக்கு வணக்கம்.

கடை பில்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெப்பத்தால் எழுத்து பதியும் அந்த வழுவழுத் தாள் வெப்பத்தாலேயே வெளுக்கும். சித்திரை வெயிலில் பீரோவுக்குள் வைத்தாலும் சில மாதத்தில் எழுத்து மங்கி, கடையின் பெயர் போய், தேதி போய், தொகை போய், வெள்ளைத் தாளாகிவிடும். வாரண்டி ஓராண்டு. அதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய தாளுக்கு அத்தனை ஆயுள் இல்லை. உடமையெல்லாம் மாயை என்று பட்டினத்தார் வழியில் உபதேசிக்கும் இந்தப் பில்லை, வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்தோ செல்போனில் படம் பிடித்தோ வைத்துக்கொள்ளும் சந்தேகப் பிராணிகளும் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களைத் தாங்கள் மன்னிக்க வேண்டும்.

தங்கள் பெருந்தன்மையை நம்பாதவர்கள் டெல்லியிலும் இருந்தார்கள் என்பதுதான் வேதனை. 2019-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றை இயற்றி, 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலமே குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதில் எழுதிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து மின்வணிகத்துக்குத் தனி விதிகள் வந்தன. பழுதானதை, போலியானதை, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாதாம். புகார் பெற்றதை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டுமாம். தாங்கள் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதைச் சாசனத்தில் ஒரு மூலையிலும் குறிப்பிடாமல் மௌனமாகக் கடந்து போகிறீர்கள். எதிர்ப்பதைவிட அந்த மௌனம் எத்தனை கம்பீரம்!

கையில் பிடிபடாத பொருள்களில்தான் தங்கள் கீர்த்தி முழுமை பெறுகிறது. மென்பொருள், விளையாட்டு, மின்னூல், சந்தா. பொத்தானில் ‘வாங்கு’ என்றிருக்கும். வாங்கியவருக்குச் சொந்தமாவது படிக்கவோ ஆடவோ ஓர் அனுமதி மட்டும். ‘வாங்கு’ என்ற சொல்லுக்கு ‘இரவல் பெறு’ என்று பொருள் கண்ட உரையாசிரியர் தாங்கள். 2009 ஜூலையில் தங்கள் வம்சத்தின் பொற்காலம் ஒன்று நிகழ்ந்தது. அமேசானின் கிண்டில் கருவிகளில் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’-ஐ வாங்கியிருந்தவர்கள் பார்க்கிறார்கள், நூல் மறைந்துவிட்டது. அதை விற்பனைக்கு ஏற்றியவருக்கு உரிமை இல்லையென்று நிறுவனமே தூரத்திலிருந்து அழித்துவிட்டுப் பணத்தையும் திருப்பியது. கேட்பவருக்குக் கிடைக்காத ரீஃபண்ட், கேட்காதவரைத் தேடி வந்து நூலை எடுத்துப் போன காட்சி! ஜெஃப் பெசோஸ் பிறகு அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அது தங்கள் குலத்துக்கு ஒவ்வாத பலவீனம்.

ஆஸ்திரேலியர்களுக்கு ரசனை போதாது. ‘ஸ்டீம்’ விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், ரீஃபண்டுக்கு உரிமையே இல்லை என்பதுபோல வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்ததற்காக 2016-ல் அந்த நாட்டு நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அந்தக் கடை, வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் என்றால் பணத்தைத் திருப்பலாம் என்று இறங்கிவந்திருந்தது. கலிஃபோர்னியாவோ இன்னும் ஒரு படி மேலே போய், 2025 முதல் அனுமதியை மட்டும் விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று எழுதக் கூடாது என்று தடுத்துவிட்டது. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தின் 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. அதில் சந்தாப் பொறியும் ஒன்று. உள்ளே வர ஒரு கதவும் வெளியே போக ஒன்பது கதவுமாகத் தாங்கள் கட்டிய சித்திர மண்டபத்தைப் போய் ‘பொறி’ என்கிறார்கள்.

பணத்தைத் திருப்பும்போதும் தங்கள் தாய்மை குறைவதில்லை. வங்கிக்குப் போனால் அந்தப் பணம் அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் சிதறிப் போய்விடும் என்று கவலைப்பட்டு, தங்கள் வாலட்டிலேயே வைத்து அடைகாக்கிறீர்கள். அதைக் கொண்டு தங்களிடம் மட்டுமே மறுபடி வாங்கலாம். வங்கிக்கே அனுப்ப நேர்ந்தால் ‘5 முதல் 7 வேலை நாள்’. எங்கள் பணம் தங்களிடம் வரும்போது ஞாயிறு என்றும் பார்ப்பதில்லை, பொங்கல் என்றும் பார்ப்பதில்லை, யுபிஐயில் ஒரு நொடி. திரும்பும் வழியில் மட்டும் அது ஒவ்வொரு ஊரிலும் இறங்கி இளைப்பாறுகிறது. அந்தக் களைப்பாறும் உரிமையை ரூபாய்க்கு வழங்கிய முதல் வள்ளல் தாங்கள்.

சித்தப்பாவுக்குக் கடைசியாக வந்த குறுஞ்செய்தி: ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.’ திண்ணையில் உட்கார்ந்து, பச்சைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக அதைப் படித்தார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினார். பிறகு வெள்ளைத்தாளை எடுத்து, முப்பது வருடம் பத்திரங்களைச் சரிபார்த்த கையால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதினார். தாங்கள் எந்த ஊரில் வீற்றிருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டி வந்த தேதி, பிரித்த தேதி, கோடு விழுந்த தேதி மூன்றையும் தனித்தனி வரியில் எழுதி, அடிக்கோடிட்டிருக்கிறார். ஜாப் ஷீட்டின் ஜெராக்ஸ் இணைப்பு எண் 4.

அவருடைய முதுமையைப் பொறுத்தருளி, ஆணையத்தின் நோட்டீஸ் வந்ததும் தாங்கள் பதில் தந்து கௌரவிக்க வேண்டும். அவருக்குத் தாங்கள் 7 நாள் தந்தீர்கள். தங்களுக்குச் சட்டம் 30 நாள் தருகிறது. போதவில்லை என்றால் இன்னும் 15 நாள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 46-ஆம் நாள் மட்டும் வந்து நிற்க வேண்டாம், வள்ளலே. அந்த 45 நாளைத் தாண்டி ஒரு நாளும் நீட்டித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லி வைத்திருக்கிறது.