மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள், டாக்டர்

அக்டோபர் 10 உலக மனநல நாள். மருத்துவக் கல்லூரிகளில் அன்று கட்டாயம் ஒரு கூட்டம் நடக்கும். முந்தின நாள் காலை அட்மிஷன் டூட்டிக்கு வந்த ஹவுஸ் சர்ஜன்களையும் முதலாண்டு பி.ஜி.க்களையும் வார்டிலிருந்து அப்படியே ஓட்டிவந்து அரங்கில் உட்காரவைப்பார்கள். வருகைப் பதிவு உண்டு. மேடையில் ஒருவர் தூக்கத்தின் அவசியத்தை விளக்குவார். கீழே இருப்பவர்கள் அந்த அறிவுரையை அந்த இடத்திலேயே கடைப்பிடிப்பார்கள். கண்டுபிடித்து எழுப்பிவிட ஓர் உதவிப் பேராசிரியர் நிற்பார். முடிந்ததும் குரூப் போட்டோ, அப்புறம் ரவுண்ட்ஸ்.

நோய் என்னவென்று தெரியாமல் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உறைவிட மருத்துவரின் தொடர் பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே எழுதிவிட்டது. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் பட்டமேற்படிப்பு விதிகளை எழுதியபோது இந்த எண்களின் தொல்லையே வேண்டாமென்று 'நியாயமான வேலை நேரம்' என்று போட்டது. எது நியாயம் என்பதை யூனிட் சீஃப் பார்த்துக்கொள்வார். 2024-இல் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48 போய் 74. முப்பத்திரண்டு ஆண்டுகளில் கருணை இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது. இதில் வயிறு எரிவது எதற்கென்றால், லேபர் வார்டிலும் சர்ஜரியிலும் இருப்பவர்களுக்கு அந்த 74-கூட விடுமுறை மாதிரிதான் தெரியும்.

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் லாரி ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. தூங்காதவன் கையில் ஸ்டியரிங் ஆபத்து என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. முப்பதாவது மணி நேரத்தில் பச்சைக் குழந்தையின் கையில் நரம்பு தேடுகிறவர் விஷயத்தில் மட்டும் அதே சட்டப் புத்தி தூங்கப் போய்விடுகிறது.

அந்தப் பணிக்குழுவின் கணக்கெடுப்பில் 5,337 பி.ஜி. மாணவர்கள் பதில் சொன்னார்கள். நூற்றுக்கு 31 பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். காய்ச்சலாக இருந்தால் கொள்ளைநோய் என்று அறிவித்து விடுதியைச் சுற்றி மருந்து அடித்திருப்பார்கள். இதற்கு யோகா. ஜூன் 12 முதல் பத்து நாள், தினம் ஒரு மணி நேரம் என்று 2022-லேயே ஆணையம் சொல்லிவிட்டது. டூட்டியில் ஒரு மணியைக் குறைக்க வழியில்லை. தூக்கத்தில் ஒரு மணியை எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணும் இருக்கிறது. அதைக் கேலி செய்யவில்லை; தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் அழையுங்கள். அழைக்கப் பத்து நிமிடம் கிடைக்கிற ரோஸ்டர்தான் இன்னும் அச்சாகவில்லை. சொந்த மருத்துவமனையின் மனநல ஓ.பி.க்குப் போகலாமே என்பீர்கள். காலையில் சீட்டுப் போட்டால் சாயங்காலம் சீஃப் கேட்பார்: "என்னம்மா, உனக்கு ஏதோ பிரச்சினையாமே?" தீசிஸில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான்.

"எங்க காலத்துல மூணு நாள் தூங்காம பாத்தோம்" என்பது சீனியர்களின் தேசிய கீதம். அந்த மூன்றாம் நாள் அவர்கள் கையில் சிக்கிய நோயாளிகளை யாராவது விசாரித்தார்களா? காலிப் பணியிடத்தை நிரப்பக் காசு செலவாகும். பி.ஜி. இருந்தால் டாக்டர் வேலையோடு ரத்த சாம்பிளை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும், டிராலி தள்ளவும் தனி ஆள் தேவையில்லை. இதற்கு வைத்திருக்கும் பெயர் பயிற்சி. வேண்டாம் சாமி என்று விட்டுப் போகலாமென்றால் பல மாநிலங்களில் லட்சக்கணக்கில் பாண்ட் பணம் கட்ட வேண்டும். மன அழுத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லி, அந்த பாண்டைக் கைவிடும்படி மாநிலங்களைக் கேட்டு 2024 ஜனவரியில் ஆணையமே கடிதம் எழுதியது. கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒருவர் இறந்துபோனால் விசாரணைக் குழு உட்காரும். காதல் தோல்வியா, வீட்டில் தகராறா என்று போனைத் துழாவும். முந்தைய மாத டூட்டி பட்டியலைக் கொண்டுவா என்று கேட்பதற்குக் குழுவில் ஆள் இருக்காது. இதற்குள் இறந்தவரின் பெயரை அடித்துவிட்டு, அவருடைய இரவுகளை மிச்சமிருப்பவர்களுக்குப் பங்குபோட்ட புது ரோஸ்டர் தயாராகிவிடும். நிர்வாகம் தாமதமே செய்யாத வேலை அது ஒன்றுதான்.