முதுமையை முறைப்படி சொதப்புவது எப்படி?

அறுபதாம் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்போம். திருக்கடையூருக்கு வேன் பிடித்து, சொந்தபந்தங்களைத் திரட்டி, ஊர் மெச்ச நடத்துங்கள். எமனையே காலால் எட்டி உதைத்த சாமியின் சந்நிதி அது. அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று வரிசையாக வைபவங்கள் காத்திருக்கின்றன. செலவுக்கு பேங்க் டெபாசிட்டை உடையுங்கள். அன்று ஒரு நாள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கலர் சட்டையில் போட்டோவுக்கு நிற்பார்கள். வேன் கிளம்பிய பிறகு முழங்கால் வலி மட்டும் உங்களோடு இருக்கும்.

வயதாகிவிட்டது என்பதை யாரிடமும் ஒத்துக்கொள்ளாதீர்கள். காது கேட்கவில்லையா? மிஷின் மாட்டிக்கொள்வது கிழவர்கள் வேலை. எதிரே இருப்பவரின் உதடு நின்றதும், "ஆமாமா, இந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பொருந்திப்போகும். சம்பந்தி வீட்டுச் சாவுச் சேதிக்கும் அதையே சொன்னீர்கள் என்பது பதினாறாம் நாள் காரியத்தில்தான் தெரியவரும்.

சென்னைக்காரராக இருந்தால், அறுபது தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 முறை இலவசமாகப் போக டோக்கன் தருகிறார்கள். வாங்காதீர்கள், கௌரவம் என்னாவது? அதற்குப் பதிலாக, ரயிலில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்து 2020 மார்ச்சில் நின்றுபோன மூத்த குடிமக்கள் சலுகையைப் பற்றித் தினமும் புலம்புங்கள். (அதை நிறுத்தியது அநியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.) இல்லாததற்கு ஏங்கி, இருப்பதை விடுவதில்தான் முதுமையின் ருசியே இருக்கிறது.

அடுத்து பாத்ரூம். வழுவழுவென்ற டைல்ஸ் பளபளக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் வடிய வாட்டம் சரியாக இருக்கக் கூடாது. பக்கெட்டை எப்போதும் வாசலுக்கும் குழாய்க்கும் நடுவில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போகும்போது லைட் போடாதீர்கள், மற்றவர்கள் தூக்கம் கெடும். கால் வழுக்கும்போது கை தானாகத் தேடுவது துண்டு மாட்டும் கம்பியை. இரண்டு துண்டும் ஒரு லுங்கியும் தாங்குவதற்காகச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்து முடுக்கிய கம்பி அது. அறுபத்தைந்து கிலோ ஆளின் பாரம் அதன்மேல் வந்ததும், ஸ்க்ரூ, பிளக், கொஞ்சம் சிமெண்ட் எல்லாம் சேர்ந்து கையோடு வந்துவிடும். சுவரில் ஒரு கைப்பிடி வைத்திருந்தால் இடுப்பு எலும்பு தப்பித்திருக்குமே என்று ஆஸ்பத்திரியில் யாராவது கேட்பார்கள். "அதெல்லாம் பேஷன்ட் வீட்டுல வைக்கிறது" என்று நீங்கள் போன வருடம் சொன்ன பதிலை மருமகள் நினைவுபடுத்துவாள்.

மாத்திரை விஷயத்தில் ஜனநாயகமாக இருங்கள். சர்க்கரை மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுத்தாலும், எதிர்வீட்டுக்காரர் பாகற்காய் ஜூஸ் போதும் என்றால் அவர் பேச்சையும் கேட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். பிரஷர் நார்மல் என்று வந்ததும் மாத்திரையை நிறுத்துங்கள். மாத்திரையால்தான் நார்மலாக இருக்கிறது என்பதெல்லாம் டாக்டர்கள் கட்டிவிட்ட கதை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வருகிற பெண்ணிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

செல்போனில் வீடியோ கால் வந்து, போலீஸ் உடுப்பில் ஒருவர், "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப் பொருள் இருக்கு, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், கதவைச் சாத்திக்கிட்டு உட்காருங்க" என்பார். பெற்ற மகன் பேச்சை ஒரு நாளும் கேட்காத நீங்கள், இவர் பேச்சைக் கேட்டுக் கதவைச் சாத்தி உட்காருங்கள். அப்படி ஓர் அரெஸ்ட் இந்தியச் சட்டத்தில் கிடையாது. பணம் போனால் உடனே 1930க்குப் போன் செய்யலாம். ஆனால் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று வாயை மூடிக்கொள்வதே மரபு.

இனி முக்கியமான பாடம், வீடு. மேலே சொன்னதிலெல்லாம் கோட்டைவிட்டாலும் சமாளித்துவிடலாம். இதில் நான் சொல்கிறபடி செய்தால் மீளவே முடியாது, அதனால் கவனமாகக் கேளுங்கள்.

கையெழுத்து நடுங்காமல் வரும்போதே வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதிவிடுங்கள். உயில் வேண்டாம். உயில் என்றால் நீங்கள் இருக்கிறவரை வீடு உங்களுடையது. மனசு மாறினால் இரண்டு சாட்சியை வைத்து வேறு எழுதலாம். அப்பா எப்போது மாற்றுவாரோ என்று பிள்ளைகளுக்கும் தினம் காபி கொடுக்கிற அக்கறை இருக்கும். அந்தச் சங்கடமெல்லாம் எதற்கு? தான செட்டில்மென்ட்டாகவே எழுதுங்கள். சார்பதிவாளர் ஆபீஸில் கட்டைவிரலை வைத்து, கேமராவைப் பார்த்து உட்கார்ந்து எழுந்தால், சொந்த வீட்டில் விருந்தாளி ஆகிவிடலாம்.

பத்திரம் எழுதுகிறவர் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று எழுதுவார். அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். "என்னையும் என் மனைவியையும் ஆயுள் உள்ளவரை பராமரிக்க வேண்டும்" என்கிற ஒரு வரியைத் தப்பித்தவறிக்கூடச் சேர்த்துவிடாதீர்கள். 2007ஆம் வருடத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளை பராமரிக்காமல் போனால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுக்கலாம். ஜீவனாம்சமும் கேட்கலாம், அதற்கு மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அந்த ஒரு வரி இருந்தால் வழக்குக்கு வலு இருக்கும். இல்லாவிட்டால் அன்புக்குள்ளேயே நிபந்தனை இருக்கிறது என்று வாதாட வக்கீலைத் தேடி அலைய வேண்டும். பெற்ற பிள்ளையிடம் போய் நிபந்தனையா என்று ரோஷமாகக் கேட்டு, அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். ஹாலில் இருந்த கட்டில் முதலில் பின்ரூமுக்கும், அப்புறம் மாடிப்படிக்கு அடியிலும் போகும்போது அந்த ரோஷம் துணைக்கு வரும்.

தன்னம்பிக்கையோடு மூப்பை எதிர்கொள்ளுங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் மூச்சுப் பயிற்சி, சிரிப்பு யோகா எல்லாம் சொல்வார்கள். நான் பார்த்தவரை, எழுபது வயதில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிற ஆட்களின் வீட்டுப் பத்திரம் அவர்கள் பேரிலேயே இருக்கிறது.

பென்ஷன்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மத்திய அரசு பென்ஷன்தாரர்கள் நவம்பரில் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். 2014 முதல் ஜீவன் பிரமாண் என்று விரல் ரேகையை வைத்தே நிரூபிக்கலாம். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலை மெஷின் நம்பாது. அதற்காக முகத்தைக் காட்டும் வசதியும் பிறகு வந்துவிட்டது. எண்பது முடிந்தால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுகிறது, நூறு வயதில் இன்னொரு முழு பென்ஷனே கூடுகிறது. நீங்கள் நூறு தொட வேண்டும் என்று வீட்டில் வேண்டிக்கொள்ள வைக்கும் ஒரே ஏற்பாடு இதுதான்.

பாஸ்புக் எங்கே, நாமினி யார், இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி என்பதையெல்லாம் மனைவியிடம் சொல்லவே கூடாது. பீரோவின் உள் அறைச் சாவி எங்கே என்பதும் ரகசியமாகவே போகட்டும். நாற்பது வருடம் சமைத்துப் போட்டவளுக்குக் கடைசியில் ஒரு புதையல் வேட்டையாவது மிஞ்ச வேண்டாமா?

இதில் எதையும் செய்ய மனம் வராதவர்களுக்கு: மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. கூப்பிடக் கட்டணம் இல்லை. கைப்பிடி கம்பி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வீட்டுப் பத்திரத்தில் யாராவது கையெழுத்துக் கேட்டால், "யோசித்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடம்வரை யோசியுங்கள்.