ஆடு தின்ன நோட்டீசு

வாங்க மாப்ளே, இப்படித் திண்ணையில குந்துங்க. பேங்குக்காரன் கதவுல ஒட்டிட்டுப் போன நோட்டீசை ஒங்க ஆடு தின்னுடுச்சாமே? மைதாப் பசை, ருசியாத்தான் இருந்திருக்கும். அதே நோட்டீசு ரெண்டு பேப்பர்லயும் வந்திருக்கு. அதுக்கு எத்தனை ஆடு வாங்கப் போறீங்க?

"வீடு ஏலத்துல போனா கடனும் அதோட தொலைஞ்சுது"ன்னு டீக்கடையில சொன்னீங்களாம். அடேயப்பா, காலுமேல காலைப் போட்டுக்கிட்டு!

களத்துல நெல்லு அம்பாரமாத்தான் கெடக்கும். அறுப்பு மிசினுக்கு வாடகை, ஆளுக்குக் கூலி, கருக்கா, பதரு எல்லாம் போயி வீட்டுக்கு எத்தனை மூட்டை வருது? ஏலப் பணமும் அப்படித்தான். 32 லட்சம் கடன்னு வைங்க. 40 பெறுற வீடு ஏலத்துல 24க்குப் போவும். மொதல்ல ஏலச் செலவு கழியும், அடுத்து வட்டி, மிச்சந்தான் அசலுக்கு. கடைசியில ஒம்போது லட்சம் நின்னுக்கிட்டு ஒங்களையே பாக்கும். 2002ல வந்த சர்ஃபாசி சட்டத்துல 13(10)ன்னு ஒரு பிரிவு இருக்கே, அது இந்தப் பாக்கியை வசூல் பண்ணத்தான். 20 லட்சத்துக்குக் கொறைஞ்சா சிவில் கோர்ட்டு, அதுக்கு மேலன்னா கடன் வசூல் தீர்ப்பாயம். ஜாமீன் போட்ட மகராசனும் கூடவே நிப்பான். ஒங்களுக்குப் பேச்சுத் துணை.

என்னது, வெவசாயியைத் தொட முடியாதா? நெலத்தைத்தான் அதே சட்டத்தோட 31வது பிரிவு காப்பாத்துது மாப்ளே. நீங்க வச்சது வீட்டை! கொல்லையில நாலு வாழை நின்னா வீடு வயலாயிடுமா? காயிதத்துல நஞ்சைன்னு இருந்தா மட்டும் பத்தாது, நெசத்துல என்ன நடக்குதுன்னும் பாக்கணும்னு 2018லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டுது.

வெவசாயி கடனுக்குன்னே 1938ல ராஜாஜி மந்திரிசபை ஒரு சட்டம் போட்டுச்சு. 1932க்கு முந்தி வாங்குன கடனுக்கு, அசலைப் போல ரெண்டு பங்கு கட்டியிருந்தா கணக்குத் தீர்ந்துது. நெல்லு வெலை விழுந்து மிராசுதாரெல்லாம் முழிச்ச காலம். நீங்கதான் பொறக்கறதுக்கு லேட்டாயிட்டீங்க.

60 நாள் நோட்டீசு வந்தப்ப சம்பா நடவுன்னீங்க. போவட்டும். ஆடு தின்னது வீட்டைக் கையில எடுக்குற நோட்டீசு. ஏல நோட்டீசு இன்னும் வரலை. அது வெளியாவுறதுக்குள்ள மொத்தத்தையும் கட்டினா வீடு ஒங்களுது. முடியலையா, நல்ல வெலைக்கு ஆளை நீங்களே கூட்டிக்கிட்டு பேங்குக்குப் போங்க. 24க்குப் போவுறது 36க்குப் போனா பாக்கியே நிக்காது. கொறைச்சுப் பேசி முடிச்சாலும் 'இனி பாக்கி இல்லை'ன்னு எழுதி, சீலு வச்சு வாங்குங்க. மேனேஜரு தலையாட்டினதைக் கோர்ட்டுல காட்ட முடியாது.

எனக்கு எப்படி இம்புட்டும் தெரியும்னா கேக்குறீங்க? போறப்ப அந்த ஆட்டைப் புடிச்சுக் கட்டிட்டுப் போங்க. எம்பேருக்கு வந்த காயிதம் இந்தத் திண்ணையிலதான் கெடக்கு.