அக்கா குப்பை

எங்கள் குடியிருப்பில் குப்பை மூன்று வகை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அக்கா குப்பை. முதல் இரண்டையும் காலையில் மாநகராட்சி வண்டி வந்து வாங்கிக்கொண்டு போய்விடும். மூன்றாவது எங்கேயும் போகாது. பெயிண்ட் அடித்துக்கொண்டு, ஜிகினா ஒட்டிக்கொண்டு, மாடிப்படித் திருப்பத்தில் நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

செம்பாக்கம், சேலையூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை என்று நீங்கள் எங்கே இருந்தாலும் உங்கள் மாடியிலும் ஒரு அக்கா இருப்பார். உங்கள் அக்காவுக்குப் பாட்டில் ஓவியமோ பழைய ஜீன்ஸில் பூந்தொட்டியோ பிடித்திருக்கலாம். முடிச்சூர் சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் அக்காவுக்குப் பால் கவர்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. பால் கவருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை அக்காவே கோட்டைக்கு நேரில் போய் வாங்கி வந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கவரை வெட்டுவதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது. மூலையில் சின்னதாக வெட்ட வேண்டும், வெட்டின துண்டு கவரோடு தொங்க வேண்டும், மூன்று தண்ணீர் அலசி, கிளிப் போட்டுக் கொடியில் காயவைக்க வேண்டும். என் பனியனுக்கும் எதிர்வீட்டு நைட்டிக்கும் நடுவே ஆவின் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

காய்ந்ததை எல்லாம் சேர்த்து அக்கா ஒரு திரைச்சீலை தைத்தார். கார் நிறுத்துமிடத்தின் கம்பிக் கதவை முழுசாக மறைக்கிற சூரிய உதயக் காட்சி. மேலே நீல வானம், கீழே பச்சை வயல், நடுவில் ஆரஞ்சுச் சூரியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினார்.

“தம்பி, வானம் முடிஞ்சிடுச்சு. வயலும் பாதிக்கு மேல வந்தாச்சு. சூரியனுக்குத்தான் ஆளே இல்ல.”

“அதுக்கு நான் என்னக்கா பண்ணணும்?”

“எல்லாரும் நீலமே வாங்கறீங்க. கொஞ்ச நாளைக்கு ஆரஞ்சு வாங்குங்களேன்.”

“அக்கா, எனக்குக் கொலஸ்ட்ரால் இருக்கு.”

“நீங்க குடிக்காதீங்க தம்பி. கவரை மட்டும் குடுங்க.”

நீலக் கவர்ப் பாலில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. இந்தக் கணக்கு எங்கள் குடியிருப்பில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்காவின் சூரியன் மெல்ல மெல்ல உதித்தது. அது உதிக்க உதிக்க இரண்டாம் மாடியில் என் பெல்ட்டில் ஒவ்வொரு ஓட்டையாகத் தளர்ந்தது. பால் மிஞ்சுகிறதே என்று ஒரு வீட்டில் பாயசம், இன்னொரு வீட்டில் திரட்டுப்பால், எங்கள் வீட்டில் தினமும் கெட்டித் தயிர். கீழ்வீட்டு ரயில்வே பெரியவர் மட்டும் கடைசிவரை மசியவில்லை. அவர் வாங்குவது ஏதோ தனியார் பால், ரோஸ் நிறக் கவர். அவரை ஒதுக்கிவிடுவார்கள் என்று பார்த்தால், அந்த ரோஸை சூரியனைச் சுற்றி மேகமாகத் தைத்து, “சார் இல்லாம இந்த விடியலே இல்ல” என்று அவரைவிட்டே ரிப்பன் வெட்ட வைத்தார் அக்கா. மறுநாளிலிருந்து பெரியவர் வீட்டுக் கொடியிலும் கவர் காய்கிறது.

எதிர்த்துப் பேசினால் அக்கா நேக் சந்தை இழுத்து வருவார். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்தவர், உடைந்த வளையலும் கோப்பையும் பீங்கானும் பொறுக்கிப் பொறுக்கி ஒரு தோட்டத்தையே உண்டாக்கினார், 1976-இல் அதை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், இன்றைக்கு உலகமே போய்ப் பார்க்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மனிதர் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல், பதினெட்டு வருஷம் ரகசியமாக அந்த வேலையைச் செய்தார். யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. கதையின் இந்தப் பகுதி மட்டும் அக்காவின் மனதில் நிற்பதேயில்லை.

டயர்த் தொட்டி, கொட்டாங்குச்சி விளக்கு, பழைய டூத் பிரஷ் வேலி எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை. கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் பெண்கள், டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று சொல்லி, மயில் வரைந்த டயரைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அக்கா அதை நிமிர்த்திவிடுவார்.

கொலுவை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 2024 நவராத்திரிக்குத் தலைப்பு, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். கூரியர் அட்டையில் கட்டடம், முட்டை டிரேயில் ஜி.எஸ்.டி. சாலை. தசாவதாரம் பத்தும் திருச்சி பஸ்ஸுக்கு வரிசையில் நின்றன. கூர்மம் மெதுவாக வந்ததால் அதற்கு ஜன்னல் சீட் கிடைக்கவில்லை என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார். செட்டியார் பொம்மைக்கு நடைமேடையில் கடை ஒதுக்கியாகிவிட்டது. மரப்பாச்சி ராஜாவும் ராணியும் தலையில் பெட்டியோடு வண்டலூர் ஸ்டேஷனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். ஏனென்றால், பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-இலேயே திறந்தாயிற்று, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ரயில் நிலையம் அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை. சுண்டல் வாங்க வந்த கூட்டம் அந்த மரப்பாச்சியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நிஜமானது. அதில் பாதிப் பேர் அந்த வழியாக நடந்தவர்கள். நானும் சிரித்தேன், மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒன்றைச் சிரிக்காமல் சொல்கிறேன். இந்தக் குடியிருப்பில் பெருங்குடியிலும் சிறுசேரியிலும் வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். மேடவாக்கம், கேம்ப் ரோடு நெரிசலில் நின்று நின்று வந்து, இரவு ஒன்பதுக்கு வீட்டுக்குள் காலை வைக்கிறார்கள். அப்போது கதவு தட்டப்படும். “பத்தே நிமிஷம் கண்ணு, நாலு அட்டை வெட்டணும்.” பத்து நிமிஷம் பதினொன்றரை வரை போகும். ஆண்களுக்கு அழைப்பு கிடையாது, கொலு திறக்கிற அன்றைக்குப் போட்டோவில் நிற்க மட்டும் கூப்பிடுவார். கவரை அலசுவதும் என் வீட்டில் நான் இல்லை, என் வீட்டம்மாதான். எல்லாரும் கூடிச் செய்வது நல்லதுதான். கூடுவதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட விட வேண்டாமா? ஒருத்திக்கு உடம்பு அசதியாக இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவளை, “அவ யார்கூடவும் ஒட்டமாட்டா” என்று படிக்கட்டில் நின்று சொல்வது அநியாயம். இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். “சரிதான் தம்பி” என்றார். ஒரு வாரம் யார் கதவையும் தட்டவில்லை. அப்புறம் கார்த்திகை வந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகும் அக்காவைச் சங்கக் கூட்டத்தில் யாராவது வெளிப்படையாகத் திட்டினால் எங்களுக்குக் கோபம் வரும். காரணம் மாடிப்படிச் சுவரில் இருக்கிறது. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. ஆதனூர்ப் பக்கம் புறப்படும் அடையாறு கரைக்குள் நிற்காமல் முடிச்சூர், வரதராஜபுரம் என்று வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாரும் மேலே ஏறி வந்தார்கள். கரண்ட் இல்லை. அக்காவின் கொட்டாங்குச்சிகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டோம். யார் வீட்டில் என்ன இருந்ததோ அத்தனையும் ஒரே குண்டானில் விழுந்து சாதமாயிற்று. தண்ணீர் வடிந்தபின் சுவரில் கறுப்பாக ஒரு கோடு தங்கிவிட்டது. பார்க்கிறபோதெல்லாம் வயிற்றைப் பிசையும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அக்கா தடுத்தார். குழந்தைகளைக் கூட்டி, கோட்டுக்குக் கீழே முழுக்க மீன் வரைய வைத்தார். கெண்டை, விரால், கெளுத்தி. ஒரு பையன் அவன் அப்பாவின் ஸ்கூட்டரையும் மீன்களுக்கு நடுவே வரைந்தான், அது நிஜமாகவே மூழ்கிய ஸ்கூட்டர். அதற்கப்புறம் எத்தனையோ தடவை வெள்ளையடித்தாயிற்று. கோட்டுக்கு மேலேதான்.

இந்த வருஷக் கொலுவுக்குத் தலைப்பு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பஸ் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி ரயில் நிலையத்துக்குப் போகிற ஆகாய நடைபாதை. மரப்பாச்சி இனிமேல் வண்டலூருக்கு நடக்கக் கூடாதாம். நீளமான, வளையாத அட்டை தேவை. போன வாரம் அக்கா என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடி எங்கள் டி.வி.யை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. ஓடவில்லை.

“இது என்ன தம்பி, முப்பத்திரண்டு இஞ்சா?”

“ஆமாக்கா.”

“கண்ணுக்குக் கெடுதல். ஐம்பத்தஞ்சு வாங்குங்க. இப்பல்லாம் வட்டியில்லாம தவணையில குடுக்கறான்.”

நான் முடியாது என்று சொல்வதற்குள் சமையலறையிலிருந்து என் வீட்டம்மாவின் குரல் வந்தது. “அக்கா, அந்தத் தெர்மகோலும் உங்களுக்கு வேணுமா?”