அலறுவது ஆந்தை மட்டுமா?

பள்ளிக்கூடத்தில் ஒலி மரபு என்று ஒரு பாடம் உண்டு. ஆந்தை அலறும், கூகை குழறும், நரி ஊளையிடும், யானை பிளிறும். ஒன்றை மாற்றி எழுதினால் தமிழையா மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொள்வார். காட்டு விலங்குகளுக்கு இவ்வளவு கறாராகச் சட்டம் போட்ட நம் முன்னோர், வீட்டில் கிடக்கும் மனிதனை மட்டும் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அவன் ஆந்தை மாதிரி அலறலாம், நரியிடம் கடன் வாங்கி ஊளையிடலாம். போதாதென்றால் கதறல், புலம்பல், ஓலம், கூப்பாடு, பிலாக்கணம் என்று சொந்தச் சரக்கும் கைவசம் இருக்கிறது.

எதை எப்போது சொல்வது? இதற்குப் புத்தகத்தில் விதி கிடையாது, ஊரில் இருக்கிறது. அழுகிறவன் எப்படி அழுகிறான் என்பதெல்லாம் கணக்கில் வராது. கேட்கிறவருக்கு அவன்மேல் எவ்வளவு பிரியம் என்பதுதான் கணக்கு. எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் கெட்டபோது சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனேன். என்னைப் பொறுத்தவரை நான் செய்தது முறையீடு. மாடிவீட்டுக்காரர் மற்றவர்களிடம், “சார் ரொம்பப் புலம்புறார்” என்றாராம். செயலாளர் தன் மனைவியிடம் சொன்னது சன்னல் வழியாக எனக்கே கேட்டது: “காலங்காத்தால ஒப்பாரி வைக்க வந்துட்டான்.” நான் படியிறங்கிய பிறகு நரியின் வினைச்சொல்லும் வந்திருக்கும், சந்தேகமில்லை. தன்மையில் கதறல், முன்னிலையில் ஒப்பாரி, படர்க்கையில் ஊளை.

ஒப்பாரியை இப்படி மோட்டாருக்கும் மின்வெட்டுக்கும் இழுத்து வந்து சிறுமைப்படுத்துகிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. கூப்பாட்டைப் ‘போடுகிறோம்’, போகிற போக்கில் போட்டுவிடலாம். ஒப்பாரியை ‘வைக்க’ வேண்டும், குழம்பு வைப்பதுபோல. கூட்டித் தாளித்து, கொதிக்கவிட்டு, பதம் பார்த்து இறக்குகிற காரியம் அது.

என் அப்பத்தாவின் தங்கைக்கு அந்தப் பதம் கைவந்த கலை. சின்ன அப்பத்தா கேத வீட்டுத் தெருமுனையில் கால் வைக்கும்போதே கொண்டையை அவிழ்த்துவிடும். அதுவரை மழையைப் பற்றியும் மிளகாய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்த குரல், அடுத்த எட்டில் ஊரையே திரும்பிப் பார்க்க வைக்கும். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டுக் கட்டி அழுவார்கள். முதலில் புகழ்ச்சி. உயிரோடு இருந்தபோது ஒரு வாய் வெற்றிலைகூட யாருக்கும் தராத மனிதர் அங்கே ராசாவாகி, தேரேறி, ஊருக்கே அன்னம் போடுவார். இது நாலைந்து அடிக்குத்தான். பிறகு வழக்கு தொடங்கும்.

ஒப்பாரியில் பிணத்தைப் பார்த்துச் சொல்வதெல்லாம் பிணத்துக்குச் சொல்வதல்ல. ஆடிச் சீர் கொண்டுவராத அண்ணன், கிணற்றுப் பங்கை எழுதி வாங்கிக்கொண்ட தம்பி, தீபாவளிக்குப் போனபோது நிறம்போன சேலையை நீட்டிய மதினி என்று ஒவ்வொருவராகப் பாட்டுக்குள் வந்து நிற்பார்கள். இறந்தவருக்குக் காது கேட்காது. மதினிக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் எழுந்து மறுக்க முடியாது. எழவு வீட்டில் சண்டை போட்டாள் என்ற பெயர் வந்துவிடும். பதில் சொல்வதானால் அதே ராகத்தில், அதே வட்டத்தில், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். மதினியும் லேசுப்பட்டவள் அல்ல, சொல்லுவாள். குறுக்கு விசாரணையே இசையமைப்போடு நடக்கிற நீதிமன்றம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படி ஒரு விசாரணையின் உச்சத்தில் நான் உள்ளே நுழைந்தேன். சின்ன அப்பத்தா ராகத்தை அப்படியே நிறுத்தியது. “ஏப்பா, எப்ப வந்தே? பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுச்சா?”

“இல்ல அப்பத்தா, நின்னுக்கிட்டேதான் வந்தேன்.”

“அடப் பாவமே” என்றது. மறு நொடி விட்ட சுருதியிலேயே பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் நின்றே வந்த பேரனின் கால்வலி அடுத்த அடியில் பாட்டில் ஏறிவிட்டது. அதற்கும் மதினிதான் காரணம் என்பதுபோல் இருந்தது தொனி.

அழுகையை நம் ஆட்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதற்குத் தொல்காப்பியமே சாட்சி. பொருளதிகாரம் சொல்லும் 8 மெய்ப்பாடுகளில் நகைக்கு அடுத்த நாற்காலி அழுகைக்குத்தான். அதற்குக் காரணங்கள் 4: பிறர் நம்மை இளக்காரமாக நடத்துவது, வேண்டியதை இழப்பது, பழைய நிலையிலிருந்து தாழ்வது, காசில்லாமை. அதாவது இளிவு, இழவு, அசைவு, வறுமை. மாதத்தின் கடைசி வாரத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால் நான்கையும் ஒரே பந்தியில் முடித்துவிடலாம்.

கூலிக்கு அழுகிறவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சொத்து ‘கூலிக்கு மாரடிப்பது’. அது சாவு வீட்டை விட்டுக் கிளம்பி நேராக அலுவலகங்களில் குடியேறிவிட்டது. ஆனால் அந்தப் பெண்கள் நெஞ்சில் நிஜமாகவே அடித்துக்கொண்டார்கள், மாலையில் வலித்திருக்கும். மாதச் சம்பளக்காரர்களுக்கு அந்த உவமை கொஞ்சம் அதிகப்படி.

கேட்கிறவர் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதைப் பழையனூரில் கேட்க வேண்டும். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர். வணிகன் ஒருவனைப் பழிவாங்க வந்த பேய் நீலி, அவன் மனைவி வேடத்தில் சபை முன்னால் அழுதது. ஊர் வேளாளர் 70 பேர் அதைக் கதறல் என்றே எடுத்துக்கொண்டார்கள். இவன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி அவனை அவளோடு அனுப்பியும் வைத்தார்கள். வணிகன் செத்தான், சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. அன்றுமுதல் நமக்கு நீலிக் கண்ணீர் என்று ஒரு சொல் கிடைத்தது. சந்தேகப்படும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தது.

இதற்கு நேர் எதிர் கஜேந்திரன் கதை. முதலை காலைக் கவ்விய யானை பிளிற வேண்டும் என்பதுதான் ஒலி மரபு. அது ஆதிமூலமே என்று ஓலமிட்டது. தமிழையா மதிப்பெண் குறைத்திருப்பார். திருமால் கருடன்மேல் ஏறி வந்துவிட்டார். கேட்கிறவருக்குப் பிரியம் இருந்தால் மரபுப் பிழையெல்லாம் கண்ணில் படாது.

நாளிதழ்காரர்கள் தராசு வைத்திருக்கிறார்கள். அமைச்சர் என்றால் கண்கலங்குவார், நடிகை தேம்புவார், பிரபலத்தின் உறவினர் கதறுவார், பெயர் தெரியாதவர்கள் மொத்தமாக ‘மரண ஓலம்’ ஆகிவிடுவார்கள். கபிலரும் பாரி மகளிரும் பாரியை இழந்து பாடியதற்குக் கையறுநிலை என்று பெயர். இன்று அது தலையங்கத்தில், சாலைப் பள்ளத்தை மூட முடியாத நகராட்சிக்குப் பயன்படுகிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒப்பாரி குறைந்துவிட்டது. பதிலுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வந்திருக்கிறது, சத்தமே இல்லாத அழுகை. போன முறை பேருந்து நிலையத்தில் அப்படி ஒன்று நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட இருபது பேர் வரிசையாகச் சிரித்துக்கொண்டு ஆழ்ந்த துயரத்தில் இருந்தார்கள். சின்ன அப்பத்தா கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தது.

“ஏப்பா, இதுல செத்தது யாரு?”