வாயுவே ஆகாரம்

வெறும் வாயுவைத் தின்று உயிர்வாழ முடியுமா சார்?

வாயை வைத்துப் பிழைப்பவர்கள் நிறைய உண்டு. வாயுவை வைத்துப் பிழைப்பவை சில பாக்டீரியாக்கள். மீத்தேன்தான் அவற்றின் சாப்பாடு. 1906-லேயே சோங்கன் என்ற டச்சுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். நெல்வயல் சேற்றில் கிளம்பும் மீத்தேனில் ஒரு பங்கை வேரடியிலேயே தீர்த்துக்கட்டுவதும் இவைதான்.

சமையல் எப்படி?

மீத்தேனை மெத்தனால் ஆக்கும். அதை ஃபார்மால்டிஹைடு ஆக்கும், பிறகு ஃபார்மேட், கடைசியில் கரியமில வாயு. முதல் படியில் கைக்காசுதான் செலவு; அதற்கப்புறம்தான் லாபம். நடுவில் வரும் ஃபார்மால்டிஹைடு, பிணத்தைப் பதப்படுத்த நாம் வைத்திருக்கும் சரக்கு என்பதை அதனிடம் யாரும் சொல்லவில்லை போலும்!

மெத்தனாலா? கள்ளச்சாராயத்தில் ஆளைக் கொல்வது அதுதானே?

அதேதான். நம் ஈரலும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் போகிறது. ஆனால் ஃபார்மிக் அமிலம் வரை வந்து திணறிவிடுகிறது. அமிலம் ரத்தத்தில் தேங்குகிறது, பார்வை நரம்பு கெடுகிறது, உயிரும் போகிறது. பாக்டீரியா அந்தக் கடைசிப் படியையும் எரித்துச் சக்தியாக்கிக்கொள்கிறது.

இவ்வளவு எளிமையான ஜீவனுக்கு ஆடம்பரமே கிடையாதா?

ஏன் இல்லை? நேப்பிள்ஸ் அருகே எரிமலைச் சேற்றில் ஓர் இனம் இருக்கிறது. லாந்தனம், சீரியம் மாதிரி அரிய மண் உலோகம் இல்லாவிட்டால் வளரவே மாட்டேன் என்கிறது. வல்லரசுகள் அடித்துக்கொள்ளும் அதே உலோக வகை! மெத்தனாலை உடைக்கும் அதன் நொதிக்கு அது இல்லாமல் வேலை ஓடாது.